எட்டு ஐம்பது வண்டிக்கு ஒரு மனு

அனுப்புநர்: கடைசி வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி.

பெறுநர்: எங்கள் வழித்தடத்தில் டவுன் பஸ் விடும் பணிமனையின் கிளை மேலாளர் அவர்கள்.

நகல்: எங்கள் ஒன்றியத்தில் ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும்.

பொருள்: நிறுத்தப்பட்ட இரவு 8.50 நடையையும், அதற்கு முன்பே நின்றுபோன நைட் ஹால்ட்டையும் (வண்டி இரவில் எங்கள் ஊரிலேயே தங்குவது) மறுபடி விடக் கேட்பது.

ஐயா, வணக்கம்.

ஊர்ப் பெயரையும் வண்டி எண்ணையும் இதில் எழுதவில்லை. எழுதினால் முதலில் மெமோ வாங்கப்போவது எங்கள் வண்டியின் ஓட்டுநரும் நடத்துநரும்தான். அவர்கள்மேல் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. இருக்கிற சின்ன வருத்தத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒரே நடையைக் கேட்டு மூன்று முறை உங்கள் அலுவலகத்துக்கு வந்து, மூன்று விதமான பதிலோடு திரும்பியவள் என்றால் ஆள் யாரென்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

நான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். 'வேலை பார்க்கிறவள்' என்று எழுதியிருக்கலாம். நிற்கிறவள் என்பதுதான் சரி. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காரலாம். ஆடித் தள்ளுபடியிலும் முகூர்த்த மாதங்களிலும் கஸ்டமர் இல்லாத நேரம் எதுவென்று அந்த ஸ்டூலைத்தான் கேட்கவேண்டும். எட்டரைக்கு ஷட்டர் பாதி இறங்கும். பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி, வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வர எட்டு நாற்பது. எட்டிப் போட்டு நடந்தால் பேருந்து நிலையம் ஏழு நிமிடம். 8.50 வண்டி அந்தக் கணக்குக்கென்றே விட்டதுபோல இருந்தது.

அந்த வண்டியில் யார் யார் வருவோம் என்று ஒருநாளாவது நீங்கள் ஏறிப் பார்த்திருந்தால் நன்றாயிருக்கும். ஜவுளிக்கடை, நகைக்கடை, மெடிக்கல் ஷாப் என்று ஒரே நேரத்தில் ஷட்டர் இறங்கும் கடைப் பெண்கள் பதினைந்து இருபது பேர். பூவை விற்று முடித்துவிட்டு வெறுங்கூடையோடு ஏறும் இரண்டு ஆயாக்கள். பெரியாஸ்பத்திரியில் உள்ளே படுத்திருக்கிறவருக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் தூக்குவாளியோடு திரும்புகிறவர்கள். ஆண்களும் உண்டு, டிக்கெட் வாங்குகிற ஆண்கள். யார் எந்த சீட் என்பது எழுதாத சட்டம். மெடிக்கல் ஷாப் பெண் வரும்வரை ஒரு நிமிடம் பொறுத்து எடுக்கச் சொல்லி நடத்துநரிடம் நாங்கள் கெஞ்சிய நாட்களும் உண்டு.

2023 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில், ஒரு திங்கட்கிழமை வண்டி வரவில்லை. பிரேக் டவுன் என்று நினைத்தோம். செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை டைம் கீப்பர் தலையை நிமிர்த்தாமல், "அந்த சிங்கிள் கட் ஆயிடுச்சும்மா" என்றார். அறிவிப்பு அவ்வளவுதான்.

இப்போது எங்கள் ஊருக்குக் கடைசி வண்டி 7.20. அதைப் பிடிப்பதானால் ஏழு மணிக்குக் கடையை விட்டு வரவேண்டும். அப்படி வந்தால் மறுநாள் வரவேண்டாம் என்பார்கள். எட்டேகாலுக்கு ஒரு தனியார் வண்டி உண்டு. அது கடை விடும் முன்பே போய்விடும். பிடித்தாலும் கைகாட்டியோடு நின்றுவிடும், அங்கிருந்து ஊர் நாலு கிலோமீட்டர், விளக்குக் கிடையாது. ஆகவே ஐந்து பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடிக்கிறோம். மூன்று பேர்தான் ஏறலாம் என்பது எங்களுக்கும் தெரியும், ஆட்டோக்காரருக்கும் தெரியும், வழியில் கை காட்டும் போலீஸ்காரருக்கும் தெரியும். 250 ரூபாய், தலைக்கு 50.

கணக்கைப் பாருங்கள் ஐயா. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆவதற்கு முன், டிக்கெட் இருந்த காலத்தில் போக 11, வர 11 என்று நாளைக்கு 22 ரூபாய் கொடுத்தேன். 26 நாளுக்கு 572. இப்போது காலையில் இலவசமாக வருகிறேன், இரவில் 50 கொடுத்துத் திரும்புகிறேன். 26 நாளுக்கு 1,300. பெண்கள் இந்தத் திட்டத்தால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னதாகப் படித்தேன். அந்தச் சராசரியில் நானும் ஒருத்தியாகச் சேர்ந்திருப்பேனோ என்னவோ. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என் கணக்கில் ஏறுகிறது. ஏறியதும் மொத்தமும் ஆட்டோவுக்கு. மேலே 300 என் சம்பளத்திலிருந்து.

இதைச் சொன்னதும் சிலர் உடனே, "அதான் இலவசமே வேண்டாங்கறது. அஞ்சு ரூபா டிக்கெட் போட்டு வண்டியை ஒழுங்கா விடச் சொல்லு" என்கிறார்கள். எங்கள் கடை மேனேஜரே சொன்னார். ஆரம்பத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது ஆட்டமாட்டேன்.

2021 மே 7-ஆம் தேதி ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்று முதல் நாளே கையெழுத்துப் போட்ட உத்தரவுகளில் இந்த இலவசப் பயணமும் ஒன்று. மறுநாளே வெள்ளை போர்டு வண்டிகளில் எங்களுக்கு டிக்கெட் பூஜ்யம் ஆனது. அதன் பிறகு எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா மூட்டு வலிக்கு இரண்டு வருடமாகத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தவர், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார். அவர் வீட்டில் 22 ரூபாய் இல்லாமல் இல்லை. அதை அண்ணனிடம் கேட்கவேண்டும். கேட்டால் எதுக்கு, எங்கே, எப்போ வருவே என்று மூன்று கேள்வி வரும். காசு கேட்கவேண்டாம் என்று ஆனதும் அந்தக் கேள்விகளுக்கே பாதி சத்து போய்விட்டது. அடுத்து அவர் அம்மா வீட்டுக்குப் போனார். அப்புறம் சும்மாவே ஒருநாள் டவுனுக்கு வந்து எங்கள் கடையில் சேலையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். அன்று எனக்கு மடிக்கிற வேலை அதிகம். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அஞ்சு ரூபாய்தானே என்று மறுபடி டிக்கெட் போட்டால் திரும்பி வரப்போவது அஞ்சு ரூபாய் மட்டுமா, அந்த மூன்று கேள்வியும்தான்.

டெல்லியில் 2019 அக்டோபரிலேயே இது வந்துவிட்டது. நமக்குப் பிறகு 2023-இல் கர்நாடகம், தெலங்கானா, 2025 ஆகஸ்டில் ஆந்திரம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் கட்சி வந்தாலும் இனி இதை எடுக்கத் துணியாது என்று நினைக்கிறேன். ஆனால் எடுக்கவே வேண்டாம் ஐயா. நடையைக் குறைத்தால் போதும். இலவசம் சுவரொட்டியில் அப்படியே இருக்கும். வண்டி மட்டும் இருக்காது.

'ஓசி' என்று மேடையில் ஒரு அமைச்சரே சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். கிழக்கிந்தியக் கும்பினி காலத்தில் அரசாங்கத் தபாலில் ஸ்டாம்பு ஒட்டாமல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்', அதாவது கம்பெனி வேலை, என்று முத்திரை குத்தி அனுப்புவார்களாம், அதிலிருந்துதான் அந்த வார்த்தையே வந்தது என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்வார். அவர் சொன்னது சரியென்றால், ஓசி என்பது முதலில் அதிகாரிகள் அனுபவித்தது. எங்களுக்கு நேற்றுத்தான் வந்தது.

இனி நீங்கள் கொடுத்த மூன்று பதிலுக்கு வருகிறேன்.

முதல் முறை வந்தபோது, "கலெக்‌ஷன் இல்லைம்மா" என்றார்கள். பூஜ்ய டிக்கெட்டை மெஷினில் அடித்துக் கையில் கொடுக்கிறீர்கள். எங்கள் வண்டியில் அடித்த ஒவ்வொன்றும் உங்கள் கணக்கில் இருக்கிறது. மகளிர் பயணத்துக்காக 2025-26 பட்ஜெட்டில் மட்டும் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நாங்கள் ஏறுவதற்கு அரசு காசு கொடுக்கிறது. ஆனால் நடையை வைப்பதா எடுப்பதா என்று பார்க்கும்போது மட்டும் நடத்துநர் பையில் விழுந்த சில்லறையைத்தான் கலெக்‌ஷன் என்கிறீர்கள். நாற்பது பெண்கள் ஏறிய வண்டியைக் காலி வண்டி என்று எழுத எந்தக் கணக்கு அனுமதிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

இரண்டாம் முறை, "வண்டி இருக்கு, ஓட்ட ஆள் இல்லை." இதை நம்புகிறேன். உங்கள் ஆட்கள் இரட்டை டூட்டி பார்த்துக் கண் சிவந்து வருவதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். 2024 ஜனவரியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நிரப்பாத காலியிடங்களும் ஒரு கோரிக்கை. 2025 மார்ச்சில் 3,274 பேரை ஓட்டுநருடன் நடத்துநர் வேலைக்கு எடுப்பதாக விளம்பரம் வந்தது. என் தம்பி மகன்கூட விண்ணப்பித்தான். மாநிலம் முழுக்க எட்டுக் கழகங்களுக்கு அது எத்தனை நாள் காணும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஆள் பற்றாக்குறை என்றதும் வெட்டுப்படுவது ஏன் எப்போதும் கடைக்கோடி ஊரின் கடைசி நடையாகவே இருக்கிறது? மெயின் ரோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் போகும் வண்டிகளில் ஒன்றைப் பன்னிரண்டு நிமிடம் ஆக்கினால் யாரும் ஆட்டோ பிடிக்கவேண்டியதில்லை.

மூன்றாம் முறைதான் உண்மை தெரிந்தது. ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்த ஒரு பெரியவர், டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "உங்க ஊர்ல நைட் ஹால்ட் போனதும்மா காரணம். ராத்திரி ஒன்பதரைக்கு உங்களை இறக்கிவிட்டுட்டு வண்டி பதினாலு கிலோமீட்டர் காலியா டிப்போ திரும்பணும். டீசல், ஓ.டி. எல்லாம் பார்த்தா அந்த சிங்கிள் மேலதான் முதல்ல கோடு விழும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் கோவையாக வந்தது. என் சின்ன வயதிலிருந்து 8.50 வண்டி எங்கள் ஊரிலேயே தங்கும். பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் கோயில் மண்டபத்தில் படுப்பார்கள். காலையில் 5.40-க்கு அதே வண்டி முதல் நடையாகக் கிளம்பும். சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் காய்கறி, பால் கொண்டுபோகிறவர்களும் அதில்தான். ஊரில் யாருக்காவது நடுராத்திரி நெஞ்சுவலி என்றால்கூட 'பஸ் நிக்குது' என்பது ஒரு தைரியம். 108 வராத காலம் அது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் எல்லா வண்டியும் நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது மற்ற நடையெல்லாம் வந்தது, ஹால்ட் மட்டும் வரவில்லை. முதல் வண்டி 5.40 போய் 7.10 ஆனது. பிறகு மூன்று வருடம் 8.50 காலியாகத் திரும்பி ஓடி, உங்கள் கணக்கில் பாரமாகி, செத்தது.

ஊழியர்கள் ஹால்ட் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. மண்டபத்தில் கொசு, ஃபேன் கிடையாது, கக்கூஸ் கிடையாது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் வண்டி எடுக்கிறவர் ராத்திரி தூங்கியிருக்கவேண்டும். அதில் அவர்கள் பக்கம்தான் நான். (சின்ன வருத்தம் என்றேனே, அது இதுதான்: நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி இருபதடி தள்ளிப்போய் நிற்பது. கூடையோடு ஓடிவரும் ஆயாவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நகர்த்துவது. எல்லோரும் இல்லை, இரண்டு மூன்று பேர். அவர்களுக்கே தெரியும்.)

ஆகவே எங்கள் ஊர்க் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டோம். சமுதாயக் கூடத்தை ஒட்டிய அறையில் இரண்டு கட்டில், ஃபேன், கொசுவலை, பக்கத்தில் கழிப்பறை. ஊராட்சி செய்து கொடுக்கும், போக்குவரத்துக் கழகம் வண்டியைத் தங்கவைக்கவேண்டும். 2023 ஆகஸ்ட் 15-இல் போட்டது. 2024 ஜனவரி 26-இல் மறுபடி போட்டோம். அக்டோபர் 2-இல் மறுபடி. அப்போதிருந்த ஊராட்சித் தலைவர் ஒரு பெண். எங்களோடு அதே வண்டியில் வருகிறவர். உங்கள் பணிமனைக்கு இரண்டு முறை என்னோடு வந்தார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் செய்ததற்கு எனக்குத் தெரிந்த பலன் இதுதான்: பஸ் வராததன் கஷ்டம் தெரிந்தவர் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தார்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டம் உள்பட பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்தார். இது புதிதில்லை. 2016 அக்டோபரில் முடிந்தபோதும் இப்படியே மூன்று வருடம் ஓடி, 2019 டிசம்பரில்தான் ஓட்டுப் போட்டோம். அப்போது ஒரு கட்சி ஆட்சி, 2025-இல் வேறு கட்சி ஆட்சி. ஊராட்சியைக் காலியாக வைப்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மனசு. நகல் அனுப்பியிருப்பது அதனால்தான். தனி அலுவலர் மோசமானவர் இல்லை. பல ஊராட்சிகள் அவர் தலையில். ஜீப்பில் வருவார், ஜீப்பில் போவார். 2025 மே 1 கிராம சபையில் நாலாவது முறையாகத் தீர்மானத்தை வாசித்தபோது, "பஸ்ஸா, அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லையே" என்றார்.

அறை கட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சமுதாயக் கூடம் இருப்பது எங்கள் தெருவில். ஊர்த்தெருவில் இருக்கும் வேப்பமரத்தைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர் போனால்தான் எங்கள் தெரு. இத்தனை வருடமாக வண்டி வேப்பமரத்திலேயே திரும்பிவிடும். நாங்கள் இறங்கி நடப்போம். வண்டி கூடத்தருகே தங்குவதென்றால் கடைசி நிறுத்தம் எங்கள் தெரு ஆகிவிடும். காலையில் காலியான சீட்டுகளோடு முதலில் ஏறுவது நாங்கள், அடுத்து ஊர்த்தெரு. இதற்கு எதிர்ப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அங்க வண்டி திரும்ப இடம் பத்தாது" என்றுதான் சொன்னார்கள். அறுவடை காலத்தில் நெல் மூட்டை ஏற்ற வரும் லாரி அங்கேதான் திரும்புகிறது.

1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சமூகத்தில் பிறந்த விடுதலை வீரர் வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கு விருதுநகர்ப் பக்கம் கலவரம் நடந்து, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்தார்கள். வண்டியின் நெற்றியில் யார் பெயர் என்பதற்கே அவ்வளவு. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். நல்ல காரியம், எங்கள் தெருவில் கை தட்டினோம். அந்தச் சொல் கோப்பிலிருந்து போய்விடும். வண்டி இன்னும் வேப்பமரத்தில் திரும்பினால் கோப்பில் என்ன எழுதியிருந்தால் என்ன?

மினி பஸ் வரும் என்றும் சொல்கிறார்கள். 1997-இல் வந்த திட்டத்தை விரிவாக்கி 2025 ஜூனில் புதிதாகத் தொடங்கினார்கள். வரட்டும். ஆனால் அது தனியார் வண்டி. தொடங்கியபோது அதில் எங்களுக்குப் பூஜ்ய டிக்கெட் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு அவர் ஓட்டுவாரா என்பதும் அவர் இஷ்டம்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி. பொறாமை இல்லை, என் மகள் அங்கேதான் வேலை தேடிப் போவாள். பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று அங்கே போனிலேயே பார்க்கலாமாம். எங்களுக்குப் போன்கூட வேண்டாம் ஐயா. பேருந்து நிலையத்திலும் வேப்பமரத்தடியிலும் ஒரு தகரப் போர்டு அடித்து, எங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு எத்தனை நடை என்று பெயிண்டில் எழுதினால் போதும். எழுதிய நடையை எடுப்பதானால் அந்த எழுத்தை அழிக்க ஒரு ஆள் வரவேண்டும். அவரிடமாவது ஏன் என்று கேட்போம்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. இரண்டு கட்டில், ஒரு ஃபேன், ஒரு கழிப்பறை. கட்டிலை எங்கள் மகளிர் குழுவே வாங்கித் தருகிறோம் என்று பேசி வைத்திருக்கிறோம். கழிப்பறைக்குத் தனி அலுவலர் கையெழுத்து வேண்டும், வண்டிக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். ஹால்ட் வந்தால் 8.50 தானாக வரும், 5.40-உம் வரும். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் நர்சிங் படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறாள். 7.10 வண்டியில் போனால் முதல் வகுப்பு போய்விடும் என்பதால் கைகாட்டி வரை தினமும் ஷேர் ஆட்டோவில் போகிறாள். அவளுக்கும் அந்த முதல் வண்டி வேண்டும்.

நாலாவது முறை நேரில் வர எனக்கு லீவு கிடைக்காது. ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் சம்பளம். பதிலை டைம் கீப்பர் அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எட்டு ஐம்பதுக்கு ஆட்டோவுக்கு ஆள் சேரும்வரை நாங்கள் அந்தச் சுவர் ஓரமாகத்தான் நிற்கிறோம்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவு